காளான் பை வாங்கலாமா என்று கேட்ட தோழிக்கு

பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டில் காளான் வளர்க்கலாமா, தொல்லை ஏதும் உண்டா என்று தோழி கேட்டாள். ஒரு வரியில் சொல்ல முடியாத பதில், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாங்கள் வளர்ப்பது சிப்பிக் காளான், விதை போட்டே வரும் வைக்கோல் பைகளில். வளர்க்கும் முறையை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள், அதற்குள் நான் போகவில்லை.

பைக்குள் காளானின் வெள்ளை இழை முழுக்கப் பரவ 15 முதல் 20 நாள் ஆகும். அதுவரை பிள்ளைகளுக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை, மறந்தே போவார்கள். அப்புறம் துளையோரம் கடுகளவு மொட்டுகள் தலைகாட்டும், அங்கிருந்து மூன்று நான்கு நாளில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்துவிடும். என் மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு காளான் குடையின் அகலத்தை நூலால் அளந்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்ததும் பள்ளிப் பையைக் கூட இறக்காமல் நூலை எடுத்து வைத்துப் பார்ப்பாள், முடிச்சைத் தாண்டிக் குடை வளர்ந்திருக்கும். ஒரு குழந்தையின் அவசரத்துக்கு இப்படி ஈடுகொடுக்கும் எதையும் நான் பார்த்ததில்லை. சின்னவனுக்குப் பிடித்தது வேறு: குடையைக் கறுப்புத் தாளில் கவிழ்த்து ஒரு ராத்திரி விட்டால், அடியிலிருக்கும் மடிப்புகள் கோடு கோடாக வெண்பொடியில் பதிந்திருக்கும். (இதே பொடி சிலருக்கு இருமலைக் கிளப்பும். படுக்கையறையில் பையை வைக்க வேண்டாம், குடையின் ஓரம் மேல்நோக்கி மடங்குவதற்குள் பறித்துவிடுங்கள்.)

சரி, தொல்லைக்கு வருகிறேன்: பையைத் தேடி வரும் ஈக்கள். கொசுவைவிடச் சின்னதாக, கறுப்பாக இருக்கும், கடிக்காது. ஆனால் ஈர வைக்கோலில் முட்டையிடும், புழு இழையைத் தின்னும், தண்டையும் குடைந்து உள்ளே போகும். மகள் அளந்து அளந்து வளர்த்த கொத்தைப் பறித்துத் தண்டைப் பிளந்தபோது கறுப்புத் தலையோடு வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அவள் அன்றைக்குச் சாப்பாட்டில் கையே வைக்கவில்லை. பையோடு வந்த தாளில் தண்ணீர் தெளிப்பதைப் பற்றித்தான் இருந்தது, ஈ என்று ஒரு சொல் கிடையாது. குழந்தைகளுக்கென்றே விற்கும் பொருளில் இதை எழுதாமல் விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூடி வைக்கலாமே என்று தோன்றும். காற்று கிடைக்காவிட்டால் தண்டு நீண்டு குடை சிறுத்துப்போகும், திறந்து வைத்தால் ஈ வரும். சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள் இவை சுலபமாக நுழைந்துவிடும். மஞ்சள் ஒட்டுத்தாள் பறக்கும் ஈயைப் பிடிக்கும், உள்ளே இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. எங்களுக்கு ஓரளவு உதவியது இவ்வளவுதான்: பறித்த இடத்தில் அடித்தண்டு மிச்சமில்லாமல் சுரண்டி எடுப்பது, பையை ஈரமான பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்காமலிருப்பது (அந்த மண்ணிலும் இதே ஈ வளரும்), இரண்டாவது அறுவடை முடிந்ததும் பையை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவது. மூன்றாவதில் கிடைக்கும் சொற்பக் காளானுக்கு ஆசைப்பட்டால் ஈக்கள்தான் பெருகும்.

வீட்டுக்கு வெளியே நிழலும் காற்றும் உள்ள இடம் இருந்தால் யோசிக்காமல் வாங்கு. உள்ளேதான் வைக்கவேண்டும் என்றால், இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், வேண்டாம். என் பிள்ளைகள் அடுத்த பை எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்கும் இப்போதைக்கு அதே பதில்தான்.