வரி உதவித் தொலைபேசிச் சேவை: என் அனுபவம்

மலேசியாவில் சம்பளக்காரர்கள் பிஇ எனும் வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய ஏப்ரல் 30 கெடு நாள் என்பதால், அதற்கு முந்திய வாரம் அப்பாவின் டயாலிசிஸ் ரசீதுகளைச் செந்தூல் வீட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு வரி உதவி எண்ணுக்கு அழைத்தேன். சுமார் இருபது நிமிடம் காத்திருக்க நேர்ந்தது. அந்த வாரத்தில் அது நியாயமே.

மலாயில் பேசிக்கொண்டிருந்த அதிகாரி, நான் வாய்தவறி "அப்பா" என்றதும் தமிழுக்கு மாறினார். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை வரி விலக்கு உண்டு, அதற்கு மருத்துவரின் சான்று வேண்டும், ரசீதுகளைப் படிவத்துடன் அனுப்பாமல் ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்தினால் போதும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். "அக்கா, ரசீதுல அப்பா பேரு இருக்கான்னு பாருங்க" என்றார். நல்லவேளை, கேட்டார்! மூன்று ரசீதுகளில் தொகையும் தேதியும் மட்டுமே இருந்தன. சிகிச்சை நிலையம் அப்பாவின் பெயரை எழுதவே இல்லை. நான் ஒவ்வொரு தாளாகப் புரட்டி முடிக்கும்வரை அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

நாள் முழுவதும் ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்பவரின் குரலில் அத்தனை பொறுமை இருந்தது மனதைத் தொட்டது. இச்சேவையை நான் முழுமனத்தோடு பரிந்துரைக்கிறேன். ஆனால் மார்ச் மாதத்திலேயே, ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.