ஆன்டெனாபாட்: தாண்டலாமா விளம்பரத்தை?

இரண்டு வருடமாக பஸ்ஸில் ஆன்டெனாபாடில்தான் பாட்காஸ்ட் கேட்கிறேன். இலவசம், தன்னார்வலர்கள் நடத்தும் திறமூலச் செயலி, ஆண்ட்ராய்டுக்கு மட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் எத்தனை நொடி தாண்ட வேண்டும் என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனியாக அமைக்கலாம். எனக்குப் பிடித்த ஒரு கதை நிகழ்ச்சியில் முதல் 45 நொடி விளம்பரத்தை அப்படித்தான் வெட்டினேன்.

அப்புறம் மனசு உறுத்தியது. பாட்காஸ்ட் விளம்பரத்துக்குப் பெரும்பாலும் ஆயிரம் பதிவிறக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் பணம்; நான் தாண்டினாலும் அந்தக் கணக்கு குறையாது. ஆனால் விளம்பரத்தில் சொல்லும் தள்ளுபடிக் குறியீட்டை யாருமே பயன்படுத்தாவிட்டால் விளம்பரதாரர் மறுபடி வருவாரா? தனியாளாகப் பேசி, எடிட் செய்து போடுகிறவருக்கு அதுதானே வருமானம். சரி, அந்த 45-ஐப் பூஜ்யமாக்கிவிட்டேன். அந்த நிகழ்ச்சிக்காரருக்கு மாதம் 100 ரூபாயும் அனுப்புகிறேன்.