கட்-ஆஃப் 180 சொச்சம் வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: சாய்ஸ் லிஸ்ட்டை அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள்

2025 ஜூலையில் எங்கள் வீட்டில் நடந்ததை இப்போதுதான் நிதானமாக எழுத முடிகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சிலிங்கில் என் மகளின் சாய்ஸ் லிஸ்ட்டை, அதாவது எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று வரிசையாகப் போடும் பட்டியலை, ஒரு கன்சல்டன்சிக்காரரிடம் ஒப்படைத்தோம். 15,000 ரூபாய் போனது. அதைவிடப் பெரிதாக, அவளுக்கு நிச்சயமாகக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு இடம் கைநழுவிப் போனது. கிடைக்குமா கிடைக்காதா என்ற கட்-ஆஃப்பை வைத்துக்கொண்டு தூக்கம் இல்லாமல் இருக்கிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

மகளுக்கு மே 8ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. கணிதம் 93, இயற்பியல் 88, வேதியியல் 87. கணிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பாதியாக்கினால் 93, 44, 43.5. ஆக அவளுடைய கட்-ஆஃப் 200க்கு 180.5. நாங்கள் பி.சி. இந்த 180 இருக்கிறதே, அது படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. 195 வாங்கின பிள்ளைக்கு எது கிடைக்கும் என்று ஊருக்கே தெரியும். 180இல் எதைக் கேட்டாலும் கிடைக்கும் போலவும் இருக்கும், கிடைக்காது போலவும் இருக்கும். சொந்தக்காரர் ஒருவர் "தாராளமா கிடைக்கும்" என்பார், இன்னொருவர் "அதெல்லாம் கனவு" என்பார். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் உறுதியாக ஒரு நம்பரைச் சொன்னால் போதும், மனது அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

எங்களுக்கு அந்த நம்பரைச் சொன்னவர் ஈரோடு பக்கம் ஆபீஸ் வைத்திருந்தார். சுவர் முழுக்கப் பிள்ளைகளின் போட்டோ, கீழே கல்லூரியின் பெயர். மகளின் மார்க்கைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "பாப்பாவுக்கு 180.5 இருக்குதுங்க, அப்புறம் என்னங்கம்மா கவலை?" என்றார். பிரிண்டரிலிருந்து ஒரு தாள் வந்தது. நாற்பது கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம். பச்சையில் 85, மஞ்சளில் 55, சிவப்பில் 20. விண்ணப்பித்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ரேண்டம் எண்ணையும் கேட்டுவிட்டு, "நல்ல நம்பருங்க, இதுவே ரெண்டு மார்க்குக்குச் சமம்" என்றார். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. இத்தனை நாள் குழப்பத்துக்கு ஒருவர் விடை சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். முன்பணம் 5,000 கட்டினோம், இடம் கிடைத்ததும் 10,000 தருவதாகப் பேச்சு.

ரேண்டம் எண் பற்றி அவர் சொன்னது முதல் பொய். இரண்டு பிள்ளைகள் ஒரே கட்-ஆஃப் வாங்கியிருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள், பிறகு இயற்பியல், இப்படியே போய்ப் பிறந்த தேதி வரைக்கும் பார்த்தும் சமமாக இருந்தால்தான் கடைசியில் அந்தப் பத்து இலக்க எண் வருகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதற்கு வேலையே இருக்காது. எனக்கு அது அன்று தெரியவில்லை.

இனி அந்தச் சதவீதக் கதைக்கு வருகிறேன். எல்லாம் முடிந்த பிறகு அந்தத் தாளையும், ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் கிடைத்தவரின் மார்க்கைச் சொல்லும் 2024 கட்-ஆஃப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். அவர் பச்சை போட்டிருந்ததெல்லாம் 2024இன் கடைசி மார்க்கைவிட எங்களுக்கு 3 மார்க் கூடுதலாக இருந்த கல்லூரிகள். ஒரு மார்க் முன்னே பின்னே இருந்தால் மஞ்சள். எங்களுக்குக் குறைவாக இருந்தால் சிவப்பு. அவ்வளவுதான் அவருடைய சாஃப்ட்வேர். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையே கழித்தல் கணக்காகப் போட்டுவிடும்.

அந்தக் கழித்தல் கணக்கும் தப்பு. 2024 பிளஸ் டூவில் வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 471 பேர். 2025இல் 3,181 பேர். இயற்பியலில் 633ஆக இருந்தது 1,125 ஆனது. எல்லாருடைய கட்-ஆஃப்பும் சேர்ந்து மேலே போய்விட்டது. கவுன்சிலிங் ரேங்க் வரிசைப்படி சுற்றுச் சுற்றாக நடக்கும். 2024 கவுன்சிலிங்கின் முதல் சுற்று 179 மார்க்கோடு முடிந்தது, அதில் 26 ஆயிரத்துச் சொச்சம் பேர். 2025இலும் முதல் சுற்று அதே 179இல்தான் முடிந்தது, ஆனால் 39 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதே மார்க்குக்கு முன்னால் பன்னிரண்டாயிரம் பேர் கூடுதலாக வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் என் மகளின் இடம் எங்கே என்பதை மார்க் சொல்லாது, ரேங்க்தான் சொல்லும். ஜூன் 27ஆம் தேதி ரேங்க் லிஸ்ட் வந்துவிட்டது. அதற்குப் பிறகாவது அவர் அந்தத் தாளைத் திருத்தியிருக்க வேண்டும். "ரேங்க் எல்லாம் சும்மாங்க, கட்-ஆஃப்தான் முக்கியம்" என்று சொல்லிவிட்டார்.

ரேங்க்கை வைத்துப் பார்த்தாலும் யாரும் 85 சதவீதம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதையும் இப்போது புரிந்துகொண்டேன். ஒரு பாடப்பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்று இருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 2024-25 முதல் நல்ல நிலையில் இருக்கும் கல்லூரிகளுக்கு எடுத்துவிட்டது. பெயர் வாங்கின கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸில் இடங்களைக் கூட்டின. கூட்டம் அங்கே போக, அதே கல்லூரியின் ஈ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்), மெக்கானிக்கல் இடங்கள் பின்னால் இருக்கும் ரேங்க் வரைக்கும் இறங்கி வருகின்றன. ஆக ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். இதனால் நல்லதும் நடக்கலாம். எங்களுக்கு நடந்திருக்க வேண்டியதும் அதுதான்.

தப்பான கணக்கு என்றால்கூட மன்னித்துவிடலாம். அவர் செய்தது வேறு.

ஜூலை 14ஆம் தேதி முதல் சுற்று தொடங்கியது. சாய்ஸ் லிஸ்ட் போட மூன்று நாள், கடைசி நாள் மாலை 5 மணி வரை. எங்கள் யூசர் ஐடி, பாஸ்வேர்டு இரண்டும் அவரிடம் இருந்தன. "நீங்க கைய வெச்சா லாக் ஆயிடும்" என்று பயமுறுத்தியதால் நாங்கள் உள்ளே போகவே இல்லை. மூன்றாவது நாள் நாலரை மணிக்கு போன் வந்தது. லிஸ்ட்டை லாக் செய்ய ஓ.டி.பி. கேட்டார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். பக்கத்தில் மகள் நின்றாள். "அம்மா, லிஸ்ட்டை ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லலாமே" என்றாள். நேரம் இல்லை என்று அவளை அடக்கினேன். இந்த ஒன்றுக்காக நான் இன்றும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவர் போட்ட வரிசை இப்படி இருந்தது. முதல் ஐந்து, எட்டாத பெரிய கல்லூரிகள். ஆறும் ஏழும் பச்சை போட்டவை. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் ஒரே கல்லூரி: கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., செயற்கை நுண்ணறிவு. அதற்குப் பிறகுதான் மற்றவை. மகள் ஆசைப்பட்ட கோயம்புத்தூர்க் கல்லூரியின் ஈ.சி.இ. பத்தொன்பதாவது இடத்தில், மஞ்சள் நிறத்தில்.

பச்சை போட்ட ஆறும் ஏழும் எங்கள் ரேங்க் வருவதற்குள் தீர்ந்துவிட்டன. எட்டாவது கிடைத்தது. நாங்கள் கேள்விப்பட்டிராத கல்லூரி. அவர் உடனே போன் செய்து, "பாத்தீங்களா, 85 சதவீதம்னேன், கெடச்சுருச்சு" என்றார். நாங்களும் நன்றி சொல்லி மீதி 10,000ஐ அனுப்பினோம்.

கவுன்சிலிங் எப்படி இடம் ஒதுக்குகிறது என்று புரிந்தால்தான் இதில் உள்ள துரோகம் புரியும். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளையின் லிஸ்ட்டை மேலிருந்து கீழே படிக்கிறது. எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறது. கீழே இருப்பவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் பிடித்த கல்லூரியை மேலே போட்டால் "பாதுகாப்பான" கல்லூரி போய்விடும் என்ற பயத்துக்கு இங்கே இடமே இல்லை. கிடைக்காததைத் தாண்டிக்கொண்டு அதுவே கீழே வந்துவிடும். ஆனால் சுலபமாகக் கிடைப்பதை மேலே போட்டால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் செத்த மாதிரிதான். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், எண்ணிக்கைக்கு வரம்பும் இல்லை. சாய்ஸ் லிஸ்ட் என்பது ஆசைப்படும் வரிசை. வாய்ப்பு அதிகம் உள்ள வரிசையில் அதை யாராவது அடுக்கிக் கொடுத்தால், ஒன்று அவருக்கு விஷயம் தெரியவில்லை, இல்லை அவருக்கு வேறு கணக்கு இருக்கிறது.

தற்காலிக ஒதுக்கீடு காலை 10 மணிக்கு வந்தது, மறுநாள் மாலை 5 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். திரையில் ஐந்து வழிகள் இருக்கும்: ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே காத்திருப்பது, மறுத்துவிட்டு மேலே காத்திருப்பது, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது, மொத்தமாக விலகுவது. "மேலே" என்றால் நம் லிஸ்ட்டில் அதற்கு மேலே உள்ளவை மட்டும். எங்களுக்கு மேலே இருந்தவை எல்லாம் எட்டாதவை. நான்காவது வழியை எடுத்திருந்தால் இரண்டாவது சுற்றில் மகளே புதிதாக லிஸ்ட் போட்டிருக்கலாம். இப்படி ஒரு வழி இருப்பதையே அவர் சொல்லவில்லை. "மறுத்தா எல்லாமே போயிரும்ங்க" என்றார். ஏற்றுச் சேர்ந்தோம்.

அட்மிஷன் போட்ட அன்று கல்லூரி ஆபீஸில் ஒரு பெண் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, "யார் மூலமா வந்தீங்கம்மா?" என்று கேட்டார். கவுன்சிலிங் மூலமாக என்றேன். "அது சரிங்கம்மா, ரெஃபரன்ஸ் யாரு?" என்றார். நான் கன்சல்டன்சியின் பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே எங்கள் ஊரின் பெயரைப் பார்த்துவிட்டு, அந்த மனிதரின் பெயரைச் சொல்லி "அவருதானே?" என்று எழுதிக்கொண்டார். அதே பக்கத்தில் அதே பெயர் பதினொரு தடவை எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தேன். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கும் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் போகிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்தடுத்த வாரங்களில் மற்றதும் தெரிந்தது. மகளோடு படித்த பையன், பி.சி.தான், கட்-ஆஃப் 178.5. இரண்டாவது சுற்றில் அவனுக்கு அதே கோயம்புத்தூர்க் கல்லூரியில் அதே ஈ.சி.இ. கிடைத்தது. இரண்டாவது சுற்று வரைக்கும் அந்த இடம் காலியாக இருந்திருக்கிறது. எங்கள் லிஸ்ட்டில் அது எட்டாவதற்கு மேலே எங்கே இருந்திருந்தாலும் முதல் சுற்றிலேயே என் மகளுக்குத்தான். நாங்கள் சேர்ந்த கல்லூரியிலோ மூன்றாவது சுற்று முடிந்த பிறகும் கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் மீதி இருந்தது. அதற்குப் போய் 180.5ஐக் கொடுத்துவிட்டோம்.

ஆபீஸுக்குப் போய்க் கேட்டோம். என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "சீட் கெடச்சுதா இல்லீங்களா? நான் சொன்னது நடந்துச்சுங்களா இல்லீங்களா?" என்றார் அவர். பணத்துக்கு ரசீது கிடையாது. பாஸ்வேர்டு கொடுத்ததும் ஓ.டி.பி. படித்ததும் நாங்கள்தான். எங்கே போய் நிற்பது?

அவரிடம் பணம் கொடுத்து வாங்கினதெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக, சமூகம் வாரியாக முந்தைய வருடங்களின் கட்-ஆஃப் கவுன்சிலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. ஒதுக்கீட்டுப் பட்டியல்களில் ரேங்க்கும் இருக்கும், அதைத்தான் உங்கள் ரேங்க்கோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மூன்று வருடங்களைப் பாருங்கள், பொதுத்தேர்வே நடக்காத 2021ஐ விட்டுவிடுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் மாவட்டத்தில் இருக்கும் சேவை மையத்துக்குப் போங்கள், அங்கேயே உட்கார்ந்து லிஸ்ட் போடலாம், காசு வாங்க மாட்டார்கள். ஓ.டி.பி.யைப் பிள்ளையைத் தவிர யாரும் தொடக் கூடாது. லாக் செய்வதற்கு முன் லிஸ்ட்டைப் பிள்ளை வாய்விட்டுப் படிக்கட்டும், வீட்டில் எல்லாரும் கேளுங்கள்.

ஜூன் மாதமே மகள் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு லிஸ்ட் எழுதி வைத்திருந்தாள். அழித்து அழித்து எழுதியதில் தாள் ஒரு இடத்தில் கிழிந்தே போயிருந்தது. அதில் அந்த ஈ.சி.இ. ஐந்தாவதாக இருந்தது.

இப்போது காலை 6.40க்குக் கல்லூரி பஸ். நன்றாகப் படிக்கிறாள், முதல் செமஸ்டரில் அரியர் எதுவும் இல்லை. என் தங்கை மகனுக்கு அடுத்த கவுன்சிலிங். அவனுக்கு 175லிருந்து 180 வரும் என்று சொல்கிறார்கள். அந்த மூன்று நாளும் அவன் எங்கள் வீட்டில்தான் இருக்கப் போகிறான், மகள் லீவு போட்டுவிட்டு அவனோடு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள்.