பண்டிகை விருந்து: ஒரே வீட்டுச் சமையலா, ஆளுக்கொரு பதார்த்தமா, வெளிச் சாப்பாடா?

பன்னிரண்டு, பதினைந்து உறவினர்கள் ஒரு பண்டிகை இரவில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மூன்று வழிகள் உண்டு: விருந்து நடக்கும் வீடே எல்லாவற்றையும் சமைப்பது, வருகிறவர்கள் ஆளுக்கொன்றாகச் செய்து கொண்டுவருவது, சமையலை மொத்தமாக வெளியாரிடம் விட்டுவிடுவது. இவற்றை ஒப்பிடும்போது பலரும் செலவையும் ருசியையும்தான் எடைபோடுகிறார்கள். மனத்தாங்கல் எந்த வழியில் எப்போது கிளம்புகிறது, யார் தலையில் விழுகிறது என்பதையே முதலில் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

வீட்டிலேயே எல்லாவற்றையும் சமைப்பதில் கைப்பக்குவம் ஒன்றாக இருக்கும். யாருக்கு எது ஒவ்வாது, யார் காரம் தொடமாட்டார் என்பதெல்லாம் ஒரே தலைக்குள் இருப்பதால் தவறு நேர்வதும் குறைவு. அந்த ஒரே தலைக்குள் இருப்பதுதான் இந்த வழியின் குறையும்கூட. குடும்பத்தை ஒன்றுசேர்க்கவும் விருந்தோம்பவும் செலவாகும் உழைப்பு உழைப்பாகவே எண்ணப்படுவதில்லை என்று சமூகவியலாளர் ஆர்லீன் காப்லான் டேனியல்ஸ் 1987இல் எழுதினார். பண்டிகை நாளில் எந்தச் சமையலறையை எட்டிப்பார்த்தாலும் அது விளங்கும். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்க, அடுப்பருகே நிற்பவரிடம் ஒவ்வொருவராக வந்து, "நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்பார்கள். கேட்பவருக்கு அது உபசாரம். நிற்பவருக்கோ, கேட்டவருக்கு ஏற்ற வேலையைத் தேடிக் கொடுப்பதும் ஒரு வேலையாகிவிடுகிறது. கடைசியில் உட்காருபவரும் அவரேதான். இந்த வழியில் சாப்பாட்டு நேரமும் எளிதில் தள்ளிப்போகும். குழந்தைகள் தூங்கி வழிவது ஒருபுறமிருக்க, சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்ட பெரியவருக்குச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

ஆளுக்கொன்று கொண்டுவருவது நியாயமான ஏற்பாடாகத் தோன்றும். "உங்களுக்குப் பிடித்ததைச் செய்து எடுத்து வாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், மூன்று வீட்டிலிருந்து இனிப்பு வந்து சேரும், வயிறு நிறைய எதுவும் வராது. ஆகவே யார் எதைக் கொண்டுவருவது என்பதைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொடுக்க வேண்டும். மனத்தாங்கல் கிளம்புவதும் அங்கேதான். நன்றாகச் சமைப்பவர் என்று பெயரெடுத்த நாத்தனாருக்கு முக்கியப் பதார்த்தமும், அண்ணிக்குத் தண்ணீர் பாட்டிலும் ஒதுக்கினால், அந்தப் பட்டியலே ஒரு தீர்ப்பாகிவிடும். ஒரே வகையை இரண்டு பேரிடம் கொடுப்பது அதைவிடவும் மோசம்: ஒருவர் பாத்திரம் வழித்துக் காலியாகி, மற்றவருடையது பாதிக்கு மேல் மீந்து மூடியோடு திரும்பிப் போகும்போது யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், எல்லோரும் பார்த்திருப்பார்கள். வழக்கமாகத் தாமதமாக வருகிறவரிடம் கடைசியில் பரிமாறும் இனிப்பை ஒப்படைத்துவிடுவது, எந்தக் கண்டிப்பையும்விடப் பலன் தரும்.

இந்த வழியில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதைப் பலரும் யோசிப்பதில்லை. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது, சூடாகப் பரிமாறவேண்டியதை 60 டிகிரி செல்சியசுக்கு மேலும் குளிர்ச்சியாக வைக்கவேண்டியதை 5 டிகிரிக்குக் கீழும் வைத்திருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 2 மணி நேரம் விருந்து வீட்டு வாசலில் தொடங்குவதில்லை; கொண்டுவருகிறவர் வீட்டு அடுப்பிலிருந்து இறக்கி, பயணம் செய்து, மேசையில் காத்திருப்பது வரை எல்லாம் அதற்குள் அடக்கம். முந்தின நாளே சமைத்தால் பெரிய பாத்திரத்தோடு ஆறவைக்காமல், அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து விரைவில் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கவேண்டும். விருந்து வீட்டுக் குளிர்பெட்டி அதற்குள் நிரம்பியிருக்கும் என்பதால், தூரத்திலிருந்து வருகிறவர்களிடம் உலர்ந்த பண்டங்களையோ பழங்களையோ கேட்பதே நல்லது.

வெளிச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரவழைத்தால், பண்டிகை நாள் நெரிசலில் நேரத்துக்கு வந்து சேருமா என்ற கவலை. உணவகத்துக்குப் போனால், பில் வந்ததும் யார் கை முதலில் நீளுகிறது என்ற போட்டி, அதைவிடச் சங்கடமாக, எந்தக் கையும் நீளாத அமைதி. ஆனால் வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் ஆண்டில் மறுபேச்சில்லாமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். "என்ன இருந்தாலும் வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா?" என்று கேட்கும் பெரியப்பா, அடுத்த முறை கரண்டி பிடிக்க முன்வருவாரானால் அவர் பேச்சைத் தாராளமாகக் கேட்கலாம்.

எட்டுப் பேருக்குள் என்றால் ஒரே வீட்டுச் சமையலே போதும் என்பேன். அதற்கு மேல் போனால், சுடச்சுடப் பரிமாறவேண்டிய ஒன்றிரண்டை மட்டும் விருந்து வீடு சமைத்து, மற்றவற்றைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொடுக்கும் கலப்பு ஏற்பாட்டின் பக்கமே நான் நிற்பேன். அந்தப் பட்டியலில் காய் நறுக்குவது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது ஆகியவற்றுக்கும் பெயர்கள் இருக்கவேண்டும். சமைக்கத் தெரியாத மருமகன்களுக்கும் மைத்துனர்களுக்கும் அவை தாராளமாகப் பொருந்தும். தன் அடுப்பைப் பிறர் தொடுவதை விரும்பாத மாமியார் இருக்கும் வீட்டில், முக்கியப் பதார்த்தம் அவருடையதாகவே இருக்கட்டும். அது இறங்கியதும் அவரைக் கூடத்தில் உட்காரவைத்து முதல் தட்டைக் கொடுப்பது யார் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடலாம்.