பாம்பன் கயிற்றுக் கடை: பாகம் இங்கே பாகம்தான்

நங்கூரக் கயிறு வாங்கத்தான் போனேன். பாம்பனில் வலை, கயிறு, மிதவை விற்கிற சின்னக் கடை. போன மாதம் வேறொரு ஊரில் 18 பாகம் (பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்) கேட்டு வாங்கி வந்து, வடகடலில் 6 பாகத் தண்ணீரில் போட்டால் நங்கூரம் பிடிக்கவே இல்லை, வல்லம் (எங்கள் மீன்பிடிப் படகு) பாட்டுக்கு இழுபட்டுக்கொண்டே போகிறது. கரைக்கு வந்து அளந்தால் 18 மீட்டர்! பாகத்துக்கு 6 அடி, 18 பாகம் 108 அடி, மீட்டரில் வேண்டுமென்றால் 18ஐ 1.83ஆல் பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 33 வரும். பில் போட்ட பையனுக்குப் பாகமும் மீட்டரும் ஒன்று போல. 15 மீட்டர் அம்போ.

இந்தக் கடையில் கவுன்டர் பலகையில் 6 அடி இடைவெளியில் இரண்டு பித்தளை ஆணி அடித்திருக்கிறார்கள். கயிற்றை ஆணிக்கு ஆணி இழுத்துத்தான் எண்ணுகிறார்கள். எனக்கு முன்னால் ஒருவருக்கு அளந்துகொண்டிருந்தபோது, ஏன் அண்ணே, கையை விரித்தே அளக்கலாமே என்று கேட்டேன். "நான் 5 அடி 8 அங்குலம் தம்பி, கை விரிச்சாலும் அவ்வளவுதான் வரும். பாகத்துக்கு 4 அங்குலம் கொறஞ்சா 18 பாகத்துக்கு எவ்வளவு?" 72 அங்குலம். முழுசாக ஒரு பாகம்! அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் எங்கள் வல்லத்துக்கு அளந்தது என் மச்சான் கை, அவன் என்னைவிடக் குள்ளம்.

முழுச் சுருளாக வாங்குகிறவர்கள் சீட்டில் 220 மீட்டர் என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது பழைய 120 பாகம்தான், பெருக்கிப் பாருங்கள்.

குறை என்றால் நேரம். எனக்கு வேண்டிய 12 எம்எம் குடோனிலிருந்து வர வேண்டியிருந்தது. கல்லாவில் இருந்த பெரியவர் "ரெண்டு நாழிகையில வந்துரும்" என்றார். ரெண்டு மணி நேரமா என்று நான் முகம் சுளிக்க, "நாழிகைக்கு 24 நிமிஷம்ப்பா" என்று சிரித்தார். அப்படியென்றால் 48 நிமிடம். டீ குடித்துவிட்டு வந்து நின்றேன், கயிறு வந்தது 70 நிமிடம் கழித்து. சரி, மூன்று நாழிகை என்று வைத்துக்கொள்வோம். அப்புறம், ஜிபே அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும், ரொக்கம் எடுத்துக்கொண்டு போங்கள்.

வெட்டிய முனையைப் பிரியாதபடி லைட்டரில் உருக்கி அழுத்தித் தந்தார்கள். வீட்டில் டேப் போட்டுப் பார்த்தேன்: 33 மீட்டரும் ஒரு சாணும்.