பூத்த மரத்துக்கு வெள்ளை எங்கிருந்து வருகிறது?

வயலோரம் பூத்து நிற்கும் மரத்தை நேரில் பார்த்து வரைய எந்த வண்ணம் நல்லது? விலை, எடை, காயும் நேரம் என்று பலரும் ஒப்பிடுவார்கள். நான் முதலில் பார்ப்பது வெள்ளையை. நீர்வண்ணத்தில் வெள்ளை என்றால் தாள். எண்ணெய் வண்ணத்தில் அது குழாயிலிருந்து பிதுங்கி வருகிறது.

நீர்வண்ணக்காரர் வெண்பூவை வரைவதே இல்லை. பூ இல்லாத இடத்தை, அதாவது பின்னால் இருக்கும் வானத்தையும் இடையில் தெரியும் கிளையையும் வரைகிறார். மிஞ்சும் தாள் பூவாகிறது. கை தவறினால் அந்தப் பூ போயிற்று. இதற்குப் பயந்து மாஸ்கிங் திரவம் (ரப்பர்போல் காய்ந்து, பிறகு உரித்தெடுக்கும் பூச்சு) பூசி வெள்ளையைக் காப்பாற்றுபவர்கள் உண்டு. நானும் பூசியிருக்கிறேன். உரித்தபோது விளிம்பெல்லாம் கத்தரித்து ஒட்டியதுபோல் நின்றது. ஒரு நல்ல தூரிகையும் பாழானது. பூங்கொத்தின் ஓரம் சில இடத்தில் கூர்மையாகவும் சில இடத்தில் வானத்தோடு கரைந்தும் இருக்க வேண்டும். அந்தக் கரைவை ஈரத்தாள் கொடுப்பதுபோல் வேறெதுவும் கொடுப்பதில்லை. ஆனால் காயும்போது நிறம் ஒரு படி வெளிறிவிடும். முதல் பூச்சில் துணிச்சல் வேண்டும்.

எண்ணெயில் வேலை தலைகீழ். இருட்டிலிருந்து தொடங்கி, பூவைக் கடைசியில் தடிப்பாக வைக்கலாம். டச்சு ஓவியர் வான்கா 1888 வசந்தத்தில் பிரான்சின் ஆர்ல் நகரில் பழத்தோட்டங்களை ஏறக்குறைய ஒரு மாதத்தில் 14 ஓவியங்களாக வரைந்து தள்ளினார். இதழ்கள் கித்தானில் புடைத்து நிற்கும். ஈர வானத்தின்மேல் வெள்ளையை வைத்தால் தூரிகை நீலத்தையும் இழுத்துக்கொண்டு வந்து அழுக்காக்கும் என்பதுதான் தொல்லை. ஒரே தொடுதலில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்; இல்லையேல் வண்ணக் கத்தியால் வைக்கலாம். காயட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் ஒரு மழை வந்து பூவைக் கொட்டிவிட்டுப் போகும்.

இளஞ்சிவப்புப் பூக்களுக்கு ஒரு எச்சரிக்கை, இரு தரப்புக்கும். வான்கா பயன்படுத்திய சில சிவப்புச் சாயங்கள் ஒளியில் மங்கியதால், அவர் இளஞ்சிவப்பாக வைத்த இதழ்கள் சில இன்று வெள்ளையாகத் தெரிகின்றன. ஒளியில் மங்கும் அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பைத் தவிர்த்து, ஒளியைத் தாங்கும் குவினாக்ரிடோன் வகைச் சிவப்பை எடுப்பது நல்லது. மெல்லிய நீர்ப்பூச்சில் சாயம் இன்னும் சீக்கிரம் வெளிறும்.

பருவம் மாறினால் என் தீர்ப்பும் மாறுகிறது. கோடைப் பச்சை நீர்வண்ணத்தில் எனக்குப் பெரும் எரிச்சல். தாலோ பச்சை என்ற அடர்ந்த பச்சை தாளில் ஏறினால் பிறகு இறங்காது. எண்ணெயில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, துளி சிவப்பு கலந்து மறுபடி தொடங்கலாம். அறுவடைக்குப் பிந்தைய நிலத்துக்கும் எண்ணெய்தான். வைக்கோற்போர் பூவைப்போல் உதிர்ந்துவிடாது. 1890 கோடை முடிவிலிருந்து அடுத்த ஆண்டு வரை பிரெஞ்சு ஓவியர் மோனே வைக்கோற்போர்களைச் சுமார் 25 கித்தான்களில் வரைந்தார். ஒளி மாறினால் கித்தானை மாற்றி, மறுநாள் அதே ஒளி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பனிமூட்டத்தில் நிற்கும் மொட்டைக் கிளைகளை நீர்வண்ணத்துக்கே விட்டுவிடலாம்.

நீரில் கரைத்துப் பூசும் பிளாஸ்டிக் வண்ணமான அக்ரிலிக்? வெயிலிலும் காற்றிலும் தட்டிலேயே காய்ந்துபோகிறது. வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் போட்டியில் யாரும் கண்டுகொள்ளாத குவாஷ், அதாவது அடியிலிருப்பதை மறைக்கும் தடித்த நீர்வண்ணம்தான் என் பையில் எப்போதும் இருக்கிறது, ஒரே ஒரு வெள்ளைக் குழாயாக. காய்ந்த நீர்வண்ணத்தின்மேல் அதை ஒருமுறை தொட்டு வைக்கலாம். தேய்த்தால் அடிப்பூச்சு கரைந்து மேலே வரும். மரத்திலிருக்கும் பூவுக்கு அதை எடுப்பதில்லை. தாளின் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் அது சுண்ணாம்புபோல் தெரியும். ஒரு வாரம் கழித்து, உழுத கரிய மண்ணில் இதழ்கள் உதிர்ந்து கிடக்கும்போதுதான் குழாயைத் திறக்கிறேன். அத்தனை சிறு வெள்ளைகளையும் தாளில் விட்டுவைத்து வரைய எந்தக் கையாலும் முடியாது.