ரசீதில் ஓர் அளவு, சக்கரத்தில் வேறோர் அளவு: பெரிய மோட்டார் வைத்திருப்போர் கவனத்திற்கு

பேராக் மாநிலத் தாப்பாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் 600, 650 சிசி மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் இப்போது பலர். மிகுதி நேர வேலை செய்து, மாதத் தவணை கட்டி வாங்கிய வண்டிகள் அவை. அவர்கள் அடுத்த முறை டயர் மாற்றப் போகும் முன் எனக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரையோ இடத்தையோ நான் குறிப்பிடப் போவதில்லை. அங்கே நடந்தது வேறு எந்தக் கடையிலும் நடக்கலாம்.

என்னுடையது நான்கு சிலிண்டர், 650 சிசி வண்டி. முன்சக்கரத்துக்கு 120/70, பின்சக்கரத்துக்கு 180/55, இரண்டும் 17 அங்குலம் என்பது தயாரிப்பாளர் குறித்த அளவு. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; அடுத்தது பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது; 17 அங்குலம் ரிம்மின் விட்டம். டயர்கள் தேய்ந்து போனதால், செம்பனை ஆலையில் காலை வேலை முடிந்த ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போய், இதே அளவில் ஒரு ஜோடி வேண்டும் என்று கேட்டேன். பின்பக்கத்துக்கு 180/55 கையிருப்பில் இல்லை என்றும், 190/55 போட்டால் வண்டி பார்வையாகவும் பிடிப்பாகவும் இருக்கும் என்றும் கடைக்காரர் சொன்னார். ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன் கண்ட்ரோல் (முன்னது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமலும், பின்னது முறுக்கும்போது பின்சக்கரம் வழுக்காமலும் காப்பது) இரண்டும் இருக்கும் வண்டியாயிற்றே, அளவு மாறினால் சரிவருமா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "கம்ப்யூட்டர் தானா பழகிக்கும் தம்பி. வேணும்னா ரீசெட் பண்ணித் தர்றேன், 80 வெள்ளிதான்." நான் ஒப்புக்கொண்டேன். அது என் தவறு. ஆனால் முன்பக்கத்துக்கு 120/70 என்றுதான் பேசினோம், ரசீதிலும் 120/70 என்றே எழுதிக் கொடுத்தார். ரீசெட்டுடன் சேர்த்து 1,230 வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டு வந்தேன். உட்கார்ந்து டயரின் பக்கவாட்டு எழுத்துகளைப் படிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் வாரத்தில் வண்டி வளைவுகளில் சட்டென்று உள்ளே விழுவது போல் இருந்தது. புது டயர் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். பிறகு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வேகமானி 110 காட்டும்போது கைப்பேசி வரைபடம் 101 காட்டியது. முன்பு அதே 110க்குக் கைப்பேசி 105 காட்டும். வேகமானி உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது பெரும்பாலான வண்டிகளில் உள்ளதுதான். குறைவாகக் காட்டக் கூடாது என்பது ஐ.நா.வின் 39ஆம் எண் விதி. ஆனால் டயர் மாற்றிய கையோடு 4 கிலோமீட்டர் வித்தியாசம் கூடியதை அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்க வைத்தது கேமரன் மலைச் சாலை. ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது, காய்ந்த தாரில், பின்பிரேக்கை மெதுவாக மிதித்த உடனேயே ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்கி, பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதைத்தது. சக்கரம் வழுக்கவே இல்லை. லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சிக்குச் சற்று மேலே ஒரு வளைவில் அது மூன்றாம் முறையாக நடந்தபோது, நான் எதிர்பார்த்த அளவுக்கு வேகம் குறையாததால் நடுக்கோட்டைத் தாண்டிப் போனேன். எதிரே வண்டி எதுவும் வரவில்லை.

அடுத்த வாரம் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. மாலை மழை விட்டிருந்தது. தோட்டத்து மண்பாதை பெரிய சாலையில் சேரும் இடத்தில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் இழுத்துவந்த செம்மண் தாரின் மேல் பரவியிருந்தது. இரண்டாம் கியரில் திரும்பி ஆக்சிலேட்டரை முறுக்கியபோது பின்சக்கரம் ஒரு முழம் விலகிப் போனது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் விளக்கு மின்னவில்லை, எஞ்சின் அடங்கவில்லை. நானே கையை விட்ட பிறகுதான் சக்கரம் பிடித்தது. பழைய டயரில், அதே இடத்தில், அதே மண்ணில், சக்கரம் அசைவதற்குள் விளக்கு மின்னி எஞ்சின் அடங்குவதைப் பல முறை உணர்ந்திருக்கிறேன். இரண்டு நாள் கழித்து ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கு அணையாமல் நிலைத்து எரியத் தொடங்கியது.

அன்றிரவு வீட்டு முன்னுள்ள ஐந்தடி நடையில் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு டயரைப் படித்தேன். முன்பக்கத்தில் இருந்தது 120/60. தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கம் 1418 என்றிருந்தது. 2018ஆம் ஆண்டின் பதினான்காவது வாரம். பல ஆண்டுகள் விலைபோகாமல் கிடந்த, என் வண்டிக்கு உரியதல்லாத ஒரு டயரை மாட்டிவிட்டு, ரசீதில் சரியான எண்ணை எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் அதே ரக வண்டி வைத்திருக்கும் பக்கத்து லயத்துத் தம்பியை அழைத்தேன். தரையைத் தொடும் இடத்தில் டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு, அதற்கு நேராகச் சிமெண்டுத் தரையில் ஒரு கோடு. சக்கரம் சரியாக ஒரு சுற்றுச் சுற்றும் வரை வண்டியைத் தள்ளி, டயரின் கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு போட்டு, நாடாவால் அளந்தோம். அவனுடைய பின்சக்கரம் 196 சென்டிமீட்டர், முன்சக்கரம் 187. என்னுடையது பின்னே 199, முன்னே 179. அவன் வண்டியில் பின்சுற்று முன்சுற்றைவிடச் சுமார் 5 விழுக்காடு பெரியது; என் வண்டியில் 11 விழுக்காடு பெரியது. என் வண்டியின் கோளாறு முழுவதும் இந்த 5க்கும் 11க்கும் இடையில்தான் இருந்தது.

சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தின் பற்களை ஒரு சென்சர் எண்ணுகிறது. கணினிக்குக் கிடைப்பது சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்ற கணக்கு மட்டுமே. ஒரு சுற்றுக்கு வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தொழிற்சாலையில் எழுதிவைத்த எண்ணைக் கொண்டே அது கணக்கிடுகிறது. காகிதக் கணக்கில் 120/70 டயரின் சுற்றளவு 1,884 மில்லிமீட்டர், 120/60 டயருக்கு 1,809. பின்பக்கம் 180/55க்கு 1,979, 190/55க்கு 2,013. ஆக நான் உண்மையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகும்போது, சின்ன முன்சக்கரம் கூடுதலாகச் சுற்றுவதால் கணினி அதை 83 என்று கொள்கிறது. பெரிய பின்சக்கரம் குறைவாகச் சுற்றுவதால் அதை 78.6 என்று கொள்கிறது. இரண்டும் ஒரே வண்டியின் சக்கரங்கள், இரண்டும் தரையைப் பிடித்தே ஓடுகின்றன, ஆனாலும் கணினியின் கண்ணுக்குப் பின்சக்கரம் எப்போதும் பின்தங்கியே ஓடுகிறது.

பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரம் வண்டியின் வேகத்தைவிடப் பின்தங்கினால், அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று ஏ.பி.எஸ். முடிவுசெய்து பிரேக் அழுத்தத்தைத் தளர்த்துகிறது. என் பின்சக்கரம் பெடலைத் தொடும் முன்பே ஏறத்தாழ 6 விழுக்காடு பின்தங்கியதாகக் கணக்கில் இருந்ததால்தான் மலையிறக்கத்தில் காரணமில்லாமல் பிரேக் விட்டுக்கொடுத்தது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் பார்ப்பது இதன் மறுபக்கம்: பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்கிறதா என்பது. என் பின்சக்கரம் வழுக்கி 6 விழுக்காடு கூடுதலாகச் சுழன்ற பிறகுதான் கணினிக்கு இரண்டும் சமமாகவே தெரியும். அதற்கும் மேல் போனால்தான் வழுக்கல் என்று எண்ணும். செம்மண்ணில் அதற்குள் வண்டி குறுக்கே திரும்பிவிடுகிறது.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை உண்டு, அதனால்தான் அது என்னை ஏமாற்றியது. டயர் தேயும்போதும் சுற்றளவு ஒன்றரை விழுக்காடு வரை குறையும் என்பதால், தயாரிப்பாளர்கள் கணக்கில் சிறிது இடம் விட்டிருக்கிறார்கள். பின்னே 190/55 மட்டும் போட்டிருந்தால் மாற்றம் 1.7 விழுக்காடுதான், அப்படி ஓட்டுகிறவர்கள் உண்டு, பலருக்கு எந்த விளக்கும் எரிவதில்லை. என் வண்டியில் ஒரு சக்கரம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் எதிரெதிர்த் திசையில் மாறியதால், இரண்டு பிழைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. இரண்டும் ஒரே விகிதத்தில் பெரிதாகியிருந்தால் வேகமானி மட்டும்தான் மாறியிருக்கும்.

அந்த 80 வெள்ளி ரீசெட் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவான கோளாறுக் குறியீட்டை அழிப்பது வேறு, டயர் சுற்றளவைக் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது வேறு. அப்ரிலியா ஆர்.எஸ்.வி.4, டுகாட்டி பனிகாலே போன்ற சில வண்டிகளில், டயரையோ சங்கிலிப் பல்சக்கரத்தையோ மாற்றிய பின் உரியவரே அளவைத் திருத்திக்கொள்ளும் வசதி தரப்பட்டிருக்கிறது. என் வண்டியில் அப்படி எதுவும் இல்லை. யமாஹாவின் டிராக்‌ஷன் கண்ட்ரோல் உள்ள வண்டிகளின் கையேட்டில், குறிப்பிட்ட டயரையே பயன்படுத்த வேண்டும், அளவு மாறினால் சக்கரச் சுழற்சியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். வண்டி வாங்கிய முகவரின் பட்டறையில் கருவியை மாட்டிப் பார்த்தபோது, முன் பின் சக்கர வேகங்கள் பொருந்தவில்லை என்ற கோளாறுதான் பதிவாகியிருந்தது. கடைக்காரர் எதைத் தொட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சுற்றளவை அவர் தொடவில்லை என்பது உறுதி.

சாய்வை அளக்கும் சென்சர் உள்ள வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் சிக்கலானது. வண்டி சாயும்போது டயர் நடுப்பகுதியை விட்டுத் தோள்பகுதியில் உருள்கிறது. அங்கே சுற்றளவு குறைவு. அகலமான பின்டயரில் அந்தக் குறைவு முன்டயரைவிட அதிகம் என்பதால், வழுக்கல் இல்லாமலே பின்சக்கரம் சற்று வேகமாகச் சுழலும். எத்தனை பாகை சாய்ந்தால் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் தம் டயரின் வளைவுக்கு ஏற்பக் கணக்கிட்டு வைத்திருக்கிறார். என் ரிம்மில் எம்.டி. 5.50 என்று, அதாவது 5.5 அங்குல அகலம் என்று, அச்சிட்டிருக்கிறது. 190/55க்கு உகந்த ரிம் அகலம் 6 அங்குலம். ஒடுங்கிய ரிம்மில் அந்த டயரின் பக்கங்கள் உள்ளிழுக்கப்பட்டு நடுமுதுகு கூராக எழும்பி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அந்த வடிவத்துக்கான கணக்கு எந்தக் கணினியிலும் இருக்காது.

அளந்த எண்களோடும் படங்களோடும் கடைக்குப் போனேன். ஓட்டிய டயரைத் திருப்பி எடுக்க முடியாது என்றார். 120/60 என்பதைக் காட்டியபோது, "நீங்கதான் கேட்டீங்க" என்றார். ரசீதைக் காட்டியபோது எழுத்துப் பிழை என்றார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்தேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ரசீது, டயரின் பக்கவாட்டுப் படம், முகவரின் பட்டறை எழுதிக் கொடுத்த கோளாறு அறிக்கை ஆகிய மூன்றும் என் கையில் இருந்தன. ரசீதில் அளவு எழுதப்படாமல் "டயர் 1 ஜோடி" என்று மட்டும் இருந்திருந்தால் என்னிடம் காட்ட எதுவும் இருந்திருக்காது. ஆகவே ரசீதில் முன், பின் அளவுகளைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் அதைக் கையில் பிடித்துக்கொண்டே டயரைப் படியுங்கள். ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை நாளுக்கு ஒரு வாரம் முன்பு கடைக்காரரே அழைத்து, முன்டயரின் விலையையும் ரீசெட்டுக்கு வாங்கிய 80 வெள்ளியையும் திருப்பித் தந்தார். பின்டயருக்கு நான் ஒப்புக்கொண்டேன் என்பதால் அந்தப் பணத்தை நான் கேட்கவில்லை. வேறு கடையில் 120/70, 180/55 அளவுகளில், தயாரிப்புத் தேதி பார்த்து, புதிய ஜோடி போட்டிருக்கிறேன். மறுபடி சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்தேன்: பின்னே 196, முன்னே 187. கோளாறுக் குறியீட்டை அழித்த பிறகு, வண்டி நகர்ந்த சில மீட்டரிலேயே ஏ.பி.எஸ். விளக்கு அணைகிறது. போன ஞாயிறு ரிங்லெட் வரை போய் அதே வளைவுகளில் இறங்கிவந்தேன். பெடல் ஒரு முறைகூட உதைக்கவில்லை.